பொன்ராஜ் போகாத மருந்துக்கடை

சேரம்பாடியில் எங்கள் ஃபாக்டரி அப்போது வாரத்துக்கு மூன்று நாள்தான் ஓடியது. தேயிலை விலை படுத்துவிட்டதால் மீதி நாட்களில் கிளார்க்கான எனக்கு ஈ ஓட்டுவதுதான் வேலை. அப்படி ஒரு நாளில் அந்தக் கடிதம் வந்தது.

நானும் பொன்ராஜும் படித்த கல்லூரியின் பழைய மாணவர்கள் எழுதியிருந்தார்கள். பதினாறு வருடத்துக்கு முன், இலங்கைப் போரை நிறுத்தச் சொல்லி நாங்கள் போன ஊர்வலத்தில் போலீஸ் சுட்டு இரண்டு மாணவர்கள் செத்தார்கள். இப்போது அவர்களுக்குக் கல்வெட்டு வைக்கிறார்களாம். ரமேஷ்குமார் பெயர் முடிவாகிவிட்டது. பொன்ராஜ் ஊர்வலத்துக்கு வந்தவன் இல்லை, வழியில் போனவன் என்று போலீஸ் பதிவில் இருக்கிறது. அது தவறென்றால் நானும் அவன் அம்மாவும் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும்.

அந்தப் பதிவு என் உபயம்.

பொன்ராஜும் நானும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரே லயத்தில் வளர்ந்த பிள்ளைகள். எங்கள் இரண்டு குடும்பமும் சிலோன் தோட்டத்திலிருந்து ஒரே கப்பலில் வந்தவை. அந்த நாளில், சிலோன்காரன் வீட்டுப் பையன் போர் விஷயத்தில் தலை காட்டினால் போலீஸ் லயத்துக்கே வரும், குடும்பத்தோடு திருப்பி அனுப்பிவிடும் என்று எங்கள் ஆட்களுக்கு நடுக்கம். ஆஸ்பத்திரியில் போலீஸ் அதிகாரி கேட்டபோது வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "அம்மாவுக்கு மூச்சிழுப்பு மாத்திரை வாங்கப் போனான் சார்." அவன் அம்மா ஆண்டாயியிடமும் அதையே சொன்னேன். லயத்துக்கு யாரும் வரவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

வருடா வருடம் அவன் செத்த தேதியில் அவள் வீட்டுக்குப் போவேன். படத்துக்கு விளக்கு வைப்பாள், எனக்குப் பால் விடாத தேயிலைச் சாயத்தண்ணி தருவாள், குடித்துவிட்டு வருவேன். உண்மையைச் சொன்னால் அந்த வாசலை இனி மிதிக்க முடியாது. சொல்லாவிட்டால் பொன்ராஜ் கடைசிவரை வழிப்போக்கன்தான். இரண்டு நாள் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். வெட்கக்கேடுதான்.

மூன்றாம் நாள் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கொழுந்துக் கூடையின் கயிற்றை முடிந்துகொண்டிருந்தாள். முடிந்து முடிக்கும்வரை நிமிரவில்லை.

"அப்ப மருந்துக்கடைக்கே போகல?"

"போகலம்மா. முன் வரிசையில நின்னான். பேனர் ஒரு பக்கம் அவன் கையில."

"மறுபக்கம்?"

"நான் புடிச்சிருந்தேன். சத்தம் கேட்டதும் விட்டுட்டு ஓடிட்டேன்."

காகிதத்தை வாங்கினாள். எழுத்துக் கூட்டி, ஒவ்வொன்றாக, தன் பெயரை எழுதினாள்.

"பெரட்டுல நின்னவனுக்குப் பேரு விழணும்" என்றாள். காலைப் பெரட்டில் வரிசையாக நிறுத்தி ஆள் எடுக்கும்போது, அன்றைய கூலிக்குப் பெயர் பதியச் சொல்லி, கங்காணியிடம் எங்கள் பெண்கள் சண்டை போட்டுச் சொல்வது அது. குரல் மட்டும் சண்டைக் குரலாக இல்லை.

பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

"பதினாறு வருசமா எனக்கு இழுப்பு வந்தா மாத்திரை போடுறதில்ல, வேலு. எம்புள்ளயத் தின்ன மாத்திரைன்னு. அது ஒனக்குத் தெரியுந்தானே?"

தெரியும். ஒவ்வொரு வருடமும் எதிரில் உட்கார்ந்து அவள் மூச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டே சாயத்தண்ணியைக் குடித்திருக்கிறேன்.