குழிக்குள் முளைத்த இரும்புச் சட்டி

நேற்று தார்ப்பாய் போட்டு மூடியபோது குழியில் அந்த இரும்புச் சட்டி இல்லை. இன்று அடுப்புக் கல்லருகே ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அகழ்வாய்வு செய்பவள் குனிந்து விரலால் தொட்டாள். சுற்றிலும் மண் இளகியிருந்தது.

காடு திருத்த வந்த முதல் குடும்பத்தின் வீடு அது. அஸ்திவாரமும் அடுப்பும்தான் மிச்சம். இன்று அதிகாரி பார்வையிட வருகிறார். அவர் மனம் வைத்தால் வேலி போட்டுக் காப்பார்கள். இல்லாவிட்டால் புதுச் சாலை அதன்மேல் போகும்.

குழிக்கு மேலே அவளுடைய நாத்தனார் நின்றாள். இந்தப் பழைய வீட்டைக் காக்கத் தெருக்காரர்கள் சேர்த்த குழுவின் தலைவி. முகத்தில் கல்யாண வீட்டுக் களை.

"நீதானே வச்சே?"

"குழி வெறிச்சுன்னு கிடந்துச்சு அண்ணி. வர்றவரு கல்லைப் பாத்து என்ன பண்ணுவாரு?"

"எங்கேருந்து எடுத்தே?"

"இதே வீட்டுச் சட்டிதான். இடிஞ்சப்போ எங்க தாத்தா தூக்கிட்டு வந்தாராம். எல்லார் வீட்லயும் ஏதாவது இருக்கும். பக்கத்து வீட்டுக்காரி கதவையே கோழிக்கூண்டுக்குப் போட்டிருக்கா."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீங்க எங்க குழியை விட்டு வெளிய வந்தீங்க?"

அவளுக்குச் சுருக்கென்றது. சாமான் எதுவும் கிடைக்காததால், பரம ஏழைகள் வாழ்ந்த வீடு என்று முடிவு கட்டியிருந்தாள். அதைவிடச் சங்கடம், சட்டி அங்கே அழகாகத்தான் இருந்தது. எடுக்க மனம் வரவில்லை. பேசாமல் இருந்தால் வேலி நிச்சயம். தனக்குள் இப்படியொரு கள்ளி இருப்பது அவளுக்கே புதிது.

அதற்குள் அதிகாரி வந்துவிட்டார். "அடடே, சட்டி பிரமாதம்" என்றார்.

நாத்தனார் அவள் இடுப்பில் கிள்ளினாள்.

"அது இன்னிக்கு விடியக்காலையில வந்தது சார்" என்றாள் அவள். பிறகு நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னாள்.

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாத்தனார் தரையைப் பார்த்தாள்.

"அப்போ வீடு பூமிக்குள்ள இல்ல. தெருவுலதான் இருக்கு" என்றார் அவர். "காட்டுங்க."

அவ்வளவுதான், தெருவே இரண்டுபட்டது. ஜன்னல் கம்பி வைத்திருந்தவள் தன் வீட்டுக்குத்தான் முதலில் வர வேண்டும் என்றாள். "உன் கம்பி எங்க கதவுக்கு ஈடாகுமா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. கோழிகளை விரட்டிவிட்டுக் கதவைத் தடவிப் பார்த்த அதிகாரி, அதிலிருந்த செதுக்கு வேலையை விட்டு நெடுநேரம் கண் எடுக்கவில்லை.

"வசதியாத்தான் வாழ்ந்திருக்காங்க" என்றார். "சாலை சுத்திப் போகட்டும். நான் எழுதிடறேன். ஆனா யார் வீட்ல என்ன இருக்குன்னு நீங்க முழுசா பாத்து எழுதி வைக்கணும்மா."

அவள் தலையாட்டினாள். காலணி மண்ணை உதறிவிட்டு, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போனாள். நாத்தனார் அவளை முந்திக்கொண்டு ஓடினாள்.