வெட்டிவேர் போட்ட பாட்டில்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கடலூரில் தண்ணீர் பரிசோதிக்கும் இடத்துக்கு என் வீட்டு போர்வெல் தண்ணீரைக் கொண்டுபோயிருந்தேன். மேசைமேல் யாரோ வைத்த பாட்டிலில் வெட்டிவேர் மிதந்துகொண்டிருந்தது. யாருடையது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதை எதற்கு?

2

குறிஞ்சிப்பாடியில் ஒரு கிணறு கனவு கண்டுகொண்டு…

(வேண்டாம். கிணறு கனவு காணாது. அந்த வியாதி எனக்குத்தான்.)

குறிஞ்சிப்பாடியில் அமராவதி வீட்டுக் கிணற்றை நம்பித்தான் அந்தத் தெரு இருக்கிறது. ‘நல்ல தண்ணிக் கிணறு’ என்று பெயர். உப்புக் கரிக்காது, அதற்கு அவ்வளவுதான் அர்த்தம். சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் இசைவாணி தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வர வேண்டும்.

“வளைகாப்பு முடிஞ்சதும் வந்துடு கண்ணு. உனக்கோசரம்தான் புதுசா கக்கூஸே கட்டிருக்கேன்.”

“எங்கம்மா கட்டின?”

“கெணத்தாண்டயே. நீ தண்ணிக்கு அலைய வேணாம் பாரு.”

போனில் இசைவாணியின் குரல் ஏறியது.

“கெணத்தாண்டயா குழி வெட்டின? தண்ணிய டெஸ்ட் பண்ணிட்டு சொல்லும்மா. அதுவரைக்கும் நான் வரல.”

அமராவதிக்குச் சுருக்கென்றது. ஆசை ஆசையாகக் கட்டியதல்லவா!

3

தண்ணீரைக் காய்ச்சினாள். வெள்ளைத் துணியில் வடிகட்டினாள். வெட்டிவேரும் போட்டாள். டெஸ்ட் என்றால் ஆபீசர் ஒரு வாய் குடித்துப் பார்ப்பார் என்பது அவள் நினைப்பு. வெளியாள் குடிக்கப்போகும் தண்ணீரை அப்படியேவா கொடுப்பாள்?

(சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு இவள்மேல் பிரியம் வந்துவிட்டது. கதைக்கு அது ஆகாது.)

கடலூரில், தண்ணீர் பரிசோதிக்கும் இடத்தில் இருந்த பெண் அவள் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள்.

“காய்ச்சுனீங்களாம்மா?”

“நல்லா தளதளன்னு கொதிக்க வச்சேன்.”

“அப்ப கிருமி இருந்துச்சா இல்லையான்னு எப்படிம்மா தெரியும்? கெணத்துல எறைச்சத அப்படியே கொண்டாங்க. இந்த பாட்டில்லதான் புடிக்கணும். கழுவக்கூட கூடாது.”

“எங்களுது நல்ல தண்ணிங்க. பக்கத்துல கக்கூஸ் குழி வெட்டியும் ருசி மாறல.”

“குழித்தண்ணி கலந்தாலும் ருசி மாறாதும்மா.”

4

முடிவு ஒன்று: தண்ணீர் சுத்தம். இசைவாணி கைக்குழந்தையோடு கிணற்றடியில்… (அடித்துவிட்டேன். ஆசையில் எழுதியது.)

முடிவு இரண்டு: கெட்டுவிட்டது. குழியைத் தூர்த்து, கொல்லைக் கடைசியில் வேறு வெட்டி, கிணற்றை இறைத்து, மருந்து போட்டு, மறுபடி டெஸ்ட். எல்லாம் செய்யலாம். ஆனால் முடிவு தெரியும்வரை தெரு எதைக் குடிக்கும்?

5

பிற்பகல். அமராவதி வாளியை இறக்குகிறாள். அடியில் கிடந்த வானம் கலைந்து மெல்ல மெல்லக் கூடுகிறது. கூடும்போது அதில் ஒரு முகம் தெரிகிறது. அவளுடையதா, மகளுடையதா, இன்னும் பிறக்காத அந்தப் பிள்ளையுடையதா, எனக்கும் பிடிபடவில்லை. காற்றில் வெட்டிவேர் வாசனை. அவள் கையில் கடலூரில் கொடுத்த, இன்னும் திறக்காத பாட்டில்.

“அக்கா, ஒரு கொடம் எடுத்துக்கட்டா? பாப்பாவுக்குப் பால் கலக்கணும்.” பக்கத்து வீட்டு ரேகா.

எடுத்துக்க என்றால் பழகிய பேச்சு. வேண்டாம் என்றால், நாளைக்கே அவள் கிணற்றின் பெயர் போய்விடும். அமராவதி கயிற்றை இறுகப் பிடித்துக்கொள்கிறாள்.

இதற்குமேல் எழுத மாட்டேன். என் வீட்டுத் தண்ணீரின் முடிவே இன்னும் வரவில்லை. நீங்களே சொல்லிவிட்டுப் போங்கள், ரேகா குடத்தோடு நிற்கிறாள்.