அழைப்பிதழில் நீலக் கோடு

ஜோசியருக்குக் கைரேகையும் தெரியாது, கட்டமும் தெரியாது. புதிதாக ஒரு கருவியை உலகத்துக்குக் காட்டப்போகிற கம்பெனிகள் அழைப்பிதழ் அனுப்பும். அதில் பொருளின் பெயர் இருக்காது, படமும் இருக்காது. ஒரு வளைவு, ஒரு நிழல், இரண்டு நிறம், கீழே தேதி. அதை வைத்துக்கொண்டு மேடையில் என்ன வரப்போகிறது என்று ஊகித்துச் சொல்வதுதான் அவர் வேலை. பதினோரு வருடமாக வாரம் ஒருமுறை மைக் முன்னால் உட்கார்ந்து சொல்லிவந்தார். பத்துக்கு ஏழு பலித்தது. பலிக்காத மூன்றையும் அவரே ஞாபகப்படுத்திச் சிரிப்பார். கேலியாக வைத்த பெயர் அப்படித்தான் மரியாதையாக ஒட்டிக்கொண்டது.

அவர் மனைவி அச்சகத்தில் இருந்தாள். மெஷினிலிருந்து விழும் தாளை எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்து, ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம் பிசகாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று சொல்ல வேண்டும். சரி என்றால் ஓரத்தில் கையெழுத்து, இல்லையென்றால் மெஷினை நிறுத்தச் சொல்ல வேண்டும். பகலெல்லாம் அதே வேலை என்பதால் வீட்டில் எந்தக் காகிதத்தையும் உற்றுப் பார்க்க மாட்டாள். மளிகைக்கடைச் சீட்டைக்கூட அவரிடம் நீட்டிப் படிக்கச் சொல்வாள்.

அந்த வருடம் அவர் குரல் கம்ம ஆரம்பித்தது. சளி என்றார்கள், அதிகம் பேசுவதால் என்றார்கள். மூன்றாவது மாதம் டாக்டரம்மா படத்தைத் திரையில் போட்டுப் பேனா முனையால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். குரல்வளையை முழுதாக எடுத்துவிட வேண்டும். கழுத்தில் போடும் துவாரம் வழியாக மூச்சு விடலாம். பேச்சு போய்விடும், பழகினால் வேறு ஏதோ ஒரு சத்தம் வரும். பன்னிரண்டாம் நாள், ஒரு திங்கட்கிழமை, அறுவைக்கு இடம் இருந்தது. அதைத் தள்ளிப்போட வேண்டாம் என்றார். புற்று இப்போது ஓரத்தில் நிற்கிறது, உள்ளே இறங்கிவிட்டால் பிறகு கத்திக்கு வேலை இல்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார். பஸ்ஸில் நடத்துநரிடம் தேவையில்லாமல் இரண்டு முறை வழி கேட்டார்.

நான்கு நாள் கழித்து அந்த அட்டை வந்தது. அந்தக் கம்பெனிக்கு ஒரு வழக்கம். அழைப்பிதழைக் காகிதத்தில் மட்டும்தான் அனுப்பும், அதுவும் பொறுக்கியெடுத்த முப்பது நாற்பது பேருக்கு. கனமான அட்டை, மை போன்ற இருட்டு. நடுவில் ஒரு வெள்ளைக் கோடு, ஆளின் கழுத்தைப் பக்கவாட்டில் பார்த்தது போல வளைந்து இறங்கியது. ஜோசியர் அதை ஜன்னலருகே கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். அரை மணி நேரத்துக்குப் பிறகு அவளைக் கூப்பிட்ட குரலில், கரகரப்பையும் மீறி, ஒரு துள்ளல் இருந்தது.

வெள்ளைக் கோட்டை ஒட்டி ஒரு நீலக் கோடு போயிற்று. மயிரிழை. வலைத்தளங்களில் போட்டிருந்த புகைப்படங்களில் வெளிச்சம் பட்டு அது தெரியவில்லை, கையில் அட்டை இருப்பவனுக்குத்தான் தெரியும்.

"வெள்ளை, குரல். நீலம், அதோட பிரதி. பாரு, கடைசி வரைக்கும் விடாம கூடவே வருது."

பிறகு மூச்சு வாங்க விளக்கினார். அந்தக் கம்பெனி இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தை வாங்கியதாகப் பேச்சு. கழுத்தில் ஒட்டிக்கொள்ளும் ஒரு பட்டையை அங்கே செய்துகொண்டிருந்தார்களாம். பேசும்போது தொண்டை அசைவதை அது படித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் குரலே இல்லாதவன் வாயசைத்தாலும் அவன் குரலிலேயே பேசும். ஆனால் குரல் இருக்கும்போதே அதைக் கழுத்தில் கட்டிப் பேசியாக வேண்டும். பழைய பதிவுகள் உதவாது. வெளியீட்டு விழாவுக்கு இன்னும் பத்தொன்பது நாள். அறுவைக்கு எட்டு நாள்.

அவர் கேட்காமலே அவளுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. விழா முடிந்து பொருள் கைக்கு வரும்வரை அறுவையைத் தள்ளிப்போட நினைக்கிறார்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து யோசித்துச் சொல்கிறேன் என்றுவிட்டார். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தானே கூப்பிடுவதாக நர்ஸ் சொன்னாள். அப்போது சரி என்று சொல்லாவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போகும். மறுபடி கிடைக்க ஆறு வாரமாகும்.

அவள் அட்டையைக் கையில் வாங்கியதுமே கோட்டை அடையாளம் கண்டுகொண்டாள். இருபது வருடமாகப் பார்த்த நீலம் அது. இருட்டுப் பின்னணியைக் கறுப்பு மையால் மட்டும் அடிக்க மாட்டார்கள், அடியில் நீலமும் போடுவார்கள். இரண்டிலும் கோட்டுக்கு இடம் விட்டால்தான் வெள்ளையாகத் தெரியும். நீலம் ஒரு மயிரிழை நகர்ந்துவிட்டால் வெள்ளையின் ஓரத்தில் எட்டிப் பார்க்கும். அவள் கையில் இப்படி ஒரு தாள் கிடைத்திருந்தால் மெஷினை நிறுத்தியிருப்பாள்.

ஆனால் லென்ஸை எடுக்கவில்லை. அன்றைக்கும் எடுக்கவில்லை, மறுநாளும் எடுக்கவில்லை. கைப்பையில்தான் இருந்தது. பார்க்காதவரை அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். அவளுக்கு மட்டும் அந்தக் குரல் வேண்டாமா? சமையலறையில் நிற்கிறவளை அடுத்த அறையிலிருந்து ஒன்றுமில்லாததற்கெல்லாம் கூப்பிடுகிற குரல்.

புதன்கிழமை காலை அவர் ஷேவ் செய்துகொண்டிருந்தபோது வாஷ்பேசினில் ரத்தம் கலந்த எச்சிலைத் துப்பினார். துப்பிவிட்டுக் குழாயை முழுதாகத் திறந்துவிட்டார். கண்ணாடியில் அவள் பார்ப்பதைப் பார்த்ததும், பல் ஈறு என்றார்.

அவர் குளிக்கப் போனதும் லென்ஸை எடுத்து அட்டை மேல் வைத்தாள். கோட்டின் வலது ஓரத்தில் நீலம். கீழே தேதிக்கு வந்தாள். வெள்ளை எழுத்தில் போட்ட எண்கள். ஒவ்வொன்றின் வலது ஓரத்திலும் அதே நீலம், அதே அளவு. எண்ணுக்குமா பிரதி?

இதைச் சொன்னால் என்ன பதில் வரும் என்று தெரியும். வேண்டுமென்றே எழுத்துக்கும் போட்டிருக்கிறார்கள் என்பார். பதினோரு வருடம் அட்டை படித்தவரிடம் ஒரே அட்டையை வைத்துக்கொண்டு வாதாட முடியாது. இன்னொன்று வேண்டும்.

இன்னொன்று இருந்த இடம் அவளுக்குத் தெரியும். ஜோசியர் எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசுகிற ஒருவர் இருந்தார். அவரும் அதே தொழில். 'எதிர்க்கட்சி' என்றுதான் வீட்டில் பேர். வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் அலுவலகத்துக்குப் போனாள். நாற்காலிமேல் கிடந்த கேபிள்களை அள்ளிக் கீழே போட்டு உட்காரச் சொன்னார். அந்தக் கம்பெனி அட்டையை ஒரு நாள் தர முடியுமா என்று கேட்டதும் அவர் முகம் மாறியது. எதிராளி வீட்டிலிருந்தே ஒற்றர் வந்தாயிற்றா, ஜோசியருக்கு அவ்வளவு பஞ்சமா என்று சிரித்தார்.

"அவர் அனுப்பல. எனக்குத்தான் வேணும்."

சிரிப்பு நின்றது. ஜோசியரின் நோயை அவர்கள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"மூணு மாசமா அந்த ஆள் தொண்டையைக் கேட்டுட்டுத்தான் இருக்கேன்மா" என்றார். "ஒவ்வொரு வாரமும் முதல் ஆளா கேக்கறவன் நான்தான். இல்லன்னா எப்படி எதிர்த்துப் பேசறது?"

மேஜை இழுப்பறையைத் திறந்து அட்டையை எடுத்துக் கொடுத்தார். எப்போது திருப்பித் தர வேண்டும் என்று அவள் கேட்டதற்குக் கையை மட்டும் ஆட்டினார். அவள் படிக்கட்டில் நின்று, ஜன்னல் வெளிச்சத்தில் லென்ஸை வைத்தாள். நீலம் இடது ஓரத்தில் இருந்தது. வேண்டுமென்றே போட்ட கோடு அட்டைக்கு அட்டை பக்கம் மாறாது.

வெள்ளிக்கிழமை அச்சகத்தில் அவசர வேலை. மூன்றரைக்கு விட்டுவிடுகிறேன் என்ற சூப்பர்வைசர் நாலேகாலுக்குத்தான் விட்டார். அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது மணி ஐந்தாகப் பதினைந்து நிமிடம். ஜோசியர் சாப்பாட்டு மேஜையில் போனை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் இரண்டு அட்டைகளையும் அவர் முன்னால் போட்டு, மேலே லென்ஸை வைத்தாள். என்ன இது என்றார். பாருங்க என்றாள்.

பார்த்தார். ஒன்றைப் பார்த்துவிட்டு அடுத்ததைப் பார்த்தார். மறுபடி முதலாவதுக்கு வந்தார். நகக்கண் வெளுக்கும்படி லென்ஸை அழுத்திப் பிடித்திருந்தார். அவள் ஒன்றும் விளக்கவில்லை. வலதும் இடதும் தெரியாதவரா அவர்?

"யார் அட்டை?"

சொன்னாள்.

"ஊர் பூரா போய்ச் சொல்லிட்டு வந்துட்டியா?"

இல்லை என்றாள். அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஜன்னல் வரை போனார். உனக்கு எதைப் பார்த்தாலும் மெஷின் கோளாறுதான் என்றார். ஒரு மனுஷன் தண்ணீரில் போகும்போது துரும்பைப் பிடித்தால், அது துரும்புதான் என்று கரையில் நின்று சொல்ல ஒருத்தி வேண்டுமா என்றார். குரல் உடைந்து பாதி வார்த்தைகள் காற்றாகப் போயின. கோடு பிசகாகவே இருக்கட்டும், ஆய்வுக்கூடத்தை வாங்கியது பொய்யா? அந்த வளைவு கழுத்து மாதிரி இல்லையா?

இருக்கலாம் என்றாள். அதுதான் அவளுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. அட்டை தப்பு என்று நிரூபிக்க அவளால் முடியும், ஊகம் தப்பு என்று நிரூபிக்க முடியாது.

மணி ஐந்தாக நான்கு நிமிடம்.

"என்னங்க," என்றாள், "இந்த வாரம் மைக் முன்னால உக்காந்தா இதை எத்தனை சதவீதம்னு சொல்வீங்க?"

ஒவ்வொரு ஊகத்துக்கும் கடைசியில் ஒரு சதவீதம் சொல்வது அவர் பழக்கம். கேட்பவர்களிடம் அதில் மட்டும் ஏமாற்றியதில்லை.

"நேத்துன்னா எண்பது."

"இப்போ?"

போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை. எடுத்தால் அவளே சரி என்று சொல்லிவிடுவாள், சொன்னால் அது அவர் முடிவாக இருக்காது. ஐந்தாவது முறை அடித்தபோது அவர் ஜன்னலிலிருந்து வந்து போனை எடுத்தார். அந்தப் பக்கம் நர்ஸ் பேர் கேட்டாள், ஆஸ்பத்திரி நோட்டு எண் கேட்டாள். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

"திங்கட்கிழமை வர்றோம்" என்றார். வைத்துவிட்டு மேஜையைப் பார்த்துச் சொன்னார், "முப்பத்தஞ்சு."

திங்கட்கிழமை அறுவை நடந்தது. வெளியே வந்த டாக்டரம்மா, ஓரத்திலிருந்து நகர ஆரம்பித்திருந்தது, நல்ல வேளை வந்தீர்கள் என்றார். அவள் கை கூப்பினாள். நல்ல வேளை என்று அவளுக்குத் தோன்றவில்லை. வெளியீட்டு விழாவுக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது. அந்த மேடையில் கழுத்துப் பட்டை வந்துவிட்டால், அவர் குரலைப் பறித்தது நோயல்ல, தான்தான் என்று ஆகிவிடும். ராத்திரியும் பகலும் அதையே நினைத்தாள். அவர் முகத்தைத் துடைக்கும்போதும் துவாரத்தில் சளி எடுக்கும்போதும் நினைத்தாள்.

விழா நாளில் அவர் வார்டில் படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். போனை மடியில் வைத்துக் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டார். பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டவளிடம் நோட்டில் எழுதிக் காட்டினார். நீ பார்க்க வேண்டாம், போய் ஏதாவது சாப்பிட்டு வா. அவள் மாட்டேன் என்றாள். பேனாவால் கதவைக் காட்டினார். கேன்டீனில் ஒரு டீயை வாங்கி, அது ஆறி ஏடு கட்டும்வரை முன்னால் வைத்திருந்தாள். கால் மணி நேரத்தில் நான்கு முறை எழுந்து உட்கார்ந்தாள்.

திரும்பி வந்தபோது போன் அணைந்திருந்தது. அவர் நோட்டைத் திருப்பிக் காட்டினார்.

'கைக்கடிகாரம். இதுக்கு ஒரு மேடை, ஒரு கூட்டம். முப்பத்தஞ்சே ஜாஸ்தி.'

அவள் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியாத ஒன்று வந்தது. அவர் அவள் முதுகில் கையை வைத்து, அது அடங்கும்வரை எடுக்காமல் இருந்தார். பதினோரு நாளில் அன்றைக்குத்தான் தூங்கினாள்.

மூன்றாம் நாள் காலையில் கீழே மருந்துக் கடை வரிசையில் நின்றிருந்தாள். முன்னால் நின்றவர் செய்தித்தாளை விரித்திருந்தார். நடுப்பக்கத்தில் ஒரு பெண்ணின் படம், கழுத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பட்டை. பேச்சை இழந்தவர்களுக்கு அவர்களின் சொந்தக் குரல் என்று தலைப்பு. கீழே அதே கம்பெனியின் பேரையும் விழாத் தேதியையும் படித்தாள். வரிசை நகர்ந்தது. பின்னால் நின்றவர் சொல்லித்தான் அவள் நகர்ந்தாள்.

மருந்தை வாங்கிக்கொண்டு மாடி ஏறினாள். லிப்ட் இருந்தது, ஏறவில்லை. நான்கு மாடி. ஒவ்வொரு படியிலும் கேட்க ஒரு கேள்வி இருந்தது. மூன்று நாளாக எப்படி இவர் அந்த முகத்தோடு இருந்தார்? அதற்குப் பிறகு அவருக்கு இரண்டு வருடமும் சில மாதமும் கிடைத்தது. அவ்வளவு நாளிலும் அந்தக் கேள்வியை அவள் கேட்கவில்லை.

வார்டுக்குள் வந்து மருந்துப் பையை மேஜைமேல் வைத்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். படம் பார்த்துப் பொருள் சொல்கிறவர். அவரிடம் எந்த முகத்தை மறைக்க முடியும்? நோட்டுக்காகக் கையை நீட்டினார். அவள் நோட்டை எடுத்துத் தள்ளி வைத்தாள்.

"அந்தக் கடிகாரத்தோட படம் பேப்பர்ல வந்திருக்கு" என்றாள். "பாத்தேன். நல்லாத்தான் இருக்கு."

அவர் தலையணையை இழுத்துக்கொண்டு, குழாய்கள் சிக்காமல் மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்து, அவள் படுத்துக்கொள்ள இடம் விட்டார்.