லிஃப்ட் கதவும் ஒரு காரணம்

எங்க மயிலாப்பூர் ஃப்ளாட்ல பழைய கிரில் கதவு லிஃப்ட். யாராவது சரியா மூடாம இறங்கிட்டா அந்த மாடியிலேயே நின்னுடும். "தயவுசெய்து கதவை மூடவும்"னு ஒரு பொம்மனாட்டி குரல் ஓயாம கத்திண்டிருக்கும். இங்க அத்தனை பேருக்கும் காது உண்டு. எழுந்து போய் மூடத்தான் கால் கிடையாது.

போன சித்திரையில ஒரு மத்தியானம் எங்காத்துக்காரர் ஸ்ரீரங்கன் மார்பைப் பிடிச்சுண்டு சரிஞ்சார். லிஃப்ட் மூணாவது மாடியில நின்னுண்டிருந்தது. அவரை மடியில போட்டுண்டு நாலாவது மாடியிலேர்ந்து நான் தொண்டை கிழியக் கத்தினேன். அந்தக் குரல் மட்டும்தான் பதில் சொல்லித்து. ஆம்புலன்ஸ்காரா ஸ்ட்ரெச்சரோட படியேறி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுடுத்து.

பதிமூணாம் நாள் காரியம் கழிஞ்சு அசோசியேஷன் மீட்டிங். "சூடாமணி மாமி, ஏதாவது சொல்லணுமா?"ன்னா. "அன்னிக்குக் கதவைத் திறந்து போட்டது யாரு? நான்தான்னு ஒருத்தர் சொல்லுங்கோ, போறும்"னேன். ஆளாளுக்கு செல்ஃபோனை எடுத்துப் பார்த்தா. அப்புறம் மூணாவது மாடி வக்கீல் ரகுபதி தொண்டையைச் செருமினார்.

"மாமி, கதவை மட்டும் சொல்லப்படாது. அவருக்கு சுகர் இருந்தது. ஆம்புலன்ஸ் லேட். கோர்ட்ல இதைக் கான்ட்ரிபியூட்டரின்னு சொல்லுவோம். அதுவே காரணம் இல்லை, அதுவும் ஒரு காரணம்."

எல்லார் மூஞ்சியிலயும் அப்படி ஒரு நிம்மதி! மறுநாள்லேர்ந்து பில்டிங் பூரா அதே பேச்சு. குழாயில தண்ணி வரலைன்னா மோட்டார் கான்ட்ரிபியூட்டரி. எனக்குப் பத்திண்டு வந்தது.

அந்த வாரமே ஆரம்பிச்சுது. யாரும் கூப்பிடாம லிஃப்ட் நாலாவது மாடிக்கு வரும். கதவு தானா ஒரு சாண் விலகும். குரல் கத்தும். மெக்கானிக் தணிகாசலம் ஸ்பீக்கரையே கழட்டினான். அவன் நிக்கறச்சேயே குரல் வந்தது. "ஸ்பீக்கர் என் பையில கீதும்மா! இது இன்னான்னே தெரில"ன்னு படியில இறங்கி ஓடினான். எனக்கு பயமே இல்லை. நன்னா கத்தட்டும்னு சோஃபாவில உட்கார்ந்திருந்தேன்.

நேத்திக்கு சாயந்தரம் குரல் கத்திண்டிருக்கச்சே, கீழேயிருந்து ரகுபதியோட ஆத்துக்காரி மஹதி அலறினா. "லிஃப்டை யாராவது அனுப்புங்கோ! இவருக்கு நெஞ்சு வலிக்கறது!"

நான் எழுந்திருக்கலை. கதவை நானா திறந்தேன்? அவருக்கும்தான் பிரஷர் இருக்கு. மூடாம விட்டா நான் வெறும் கான்ட்ரிபியூட்டரிதானேன்னு தோணித்து. சீ, என்ன ஜன்மம் நான்! உடம்பெல்லாம் கூசிப்போய் ஓடினேன்.

கதவை இழுத்தேன். நகரலை. உள்ளேயிருந்து யாரோ கெட்டியாப் பிடிச்சுண்டிருந்தா. கண்ணுக்கு யாரும் தெரியலை. எங்காத்துக்காரரோட மூக்குப்பொடி வாசனை மட்டும் குப்புன்னு வந்தது. கீழே மஹதி இன்னும் கத்திண்டிருந்தா. அன்னிக்கு நானும் அப்படித்தான் கத்தினேன்.

"ஏன்னா, எனக்காகப் பிடிச்சுண்டிருக்கேளா? வேண்டாம்னா. விடுங்கோ, போறும்."

பிடி தளர்ந்தது. கதவு சத்தமே போடாம மூடிண்டுது. இந்த பில்டிங்ல அப்படி மூடற மனுஷர் அவர் ஒருத்தர்தான். லிஃப்ட் கீழே இறங்கித்து.

காலம்பற ஆஸ்பத்திரியில ரகுபதி என் கையைப் பிடிச்சுண்டு அழுதார். "அன்னிக்குத் திறந்து போட்டது நான்தான் மாமி. நேத்து என்னைக் காப்பாத்தினது நீங்க."

"நான் மட்டும் இல்லை"ன்னேன். "நான் கான்ட்ரிபியூட்டரி."