முருகன் கண்ணும் என் மீசையும்

1962இல் எனக்கு நாற்பத்தாறு வயது. ஆஸ்பத்திரியில் போட்டோ எடுக்கிற வேலை. காலில் புடைத்த நரம்பு, ஆறாத புண் இவற்றை டாக்டர்களுக்காக எடுத்துக் கொடுப்பேன். தோலுக்குக் கீழே ஓடும் நரம்பைக் காட்டுவதற்கென்று இன்ஃப்ராரெட் பிலிம் என்று ஒன்று உண்டு. நம் கண்ணுக்குத் தெரியாத ஒளியில் அது படம் பிடிக்கும். அந்த ஒரு பிலிமைக் கையாளத் தெரிந்ததால் என்னை ஒரு விஞ்ஞானி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வேறு யாரும் அப்படி நினைக்கவில்லை என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் முருகன் கோயில். சின்னக் கோயில்தான். உள்ளே ஒரு சுவர் முழுக்க வள்ளி தெய்வானையோடு முருகன் நிற்கிற மாதிரி ஓவியம். வரைந்தவர் யார் என்று யாருக்கும் தெரியாது. வருஷக்கணக்காக விளக்கெண்ணெய்ப் பிசுக்கு ஏறி சுவரே பழுப்பாகிவிட்டது. அங்கே முருகன் இருக்கிறார் என்று தெரிந்தவர்கள்தான் கும்பிடுவார்கள். புதிதாக வருகிறவர்கள் அதில் சாய்ந்து நிற்பார்கள்.

கும்பாபிஷேகம் வந்தது. கோயில் தலைவர் பரமசிவம், பக்கத்துத் தேக்காவில் மளிகைக் கடை வைத்திருப்பவர், கூட்டத்தில் சொன்னார்: "சுவரைச் சுரண்டிப்புட்டு நம்ம சுந்தரத்தை விட்டுப் புதுசா வரையச் சொல்லிடலாம்லா. எனாமல் பெயிண்ட். பளபளன்னு இருக்கும்."

சுந்தரம் சினிமா பேனர் எழுதுகிறவர். அவர் வரைந்தால் முருகனுக்கும் கன்னத்தில் ரோஸ் பவுடர் இருக்கும்.

நான் எழுந்தேன். "தலைவரே, பழைய படம் உள்ள முழுசா இருக்கு. சுரண்டினா போயிடும், திரும்ப வராது. என்கிட்ட ஒரு பிலிம் இருக்கு. அது அழுக்கைத் தாண்டிப் பார்க்கும். நான் எடுத்துக் காட்டுறேன். அதுவரைக்கும் யாரும் சுவரைத் தொடக்கூடாது. துணியால துடைக்கக்கூடாது. விரல்கூடப் படக்கூடாது."

இந்தக் கடைசி மூன்று வாக்கியத்தை நான் வேறு வேறு மாதிரி திருப்பித் திருப்பிச் சொன்னேன். பேச்சு நன்றாக வருகிறது என்று தோன்றியது. அதனால் வந்த வினையைப் பிறகு சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காமிராவோடு போனேன். கூட நூர்தீன் வந்தான். ஆஸ்பத்திரி டார்க்ரூமில் என்னோடு வேலை பார்ப்பவன், நாகூர்க்காரன். செருப்பைக் கழற்றிவிட்டு விளக்குகளைத் தூக்கி வைத்தான். எல்லாப் படமும் எடுத்தபிறகு ஒரு பிலிம் மிஞ்சியது.

"சுவர் பக்கத்துல நான் நிக்கிறேன், ஒண்ணு அடி," என்றேன்.

"எதுக்குண்ணே?"

"பத்திரிகையில கேட்டாங்கன்னா?"

"கேட்டாங்களா?"

"கேட்டாங்கன்னா."

இடுப்பில் கை வைத்து, தாடையைத் தூக்கி, சுவரை நானே கட்டிய மாதிரி நின்றேன்.

மறுநாள் பிரிண்ட் போட்டோம். முதல் படம் தண்ணீரில் மெல்ல எழும்பி வந்ததும் எனக்குப் புல்லரித்தது. மயில் தோகையில் ஒவ்வொரு இழையும் தெரிந்தது. வள்ளியின் மூக்குத்தி, தெய்வானையின் வளையல், வேலின் நுனி எல்லாம் கரி மையில் இழுத்த கோடாகத் துல்லியமாக இருந்தது. நகையைப் பார்ப்பதிலேயே மும்முரமாக இருந்தேன். முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை.

அதற்குள் நூர்தீன் கடைசிப் படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான். "அண்ணே, உங்க அத்தா எப்ப வந்து நின்னாரு?"

படத்தில் நின்றது என் அப்பா இல்லை, நான்தான். ஆனால் தலை பஞ்சு மாதிரி வெள்ளை. மீசை அதைவிட வெள்ளை. மாதம் இரண்டு தடவை என் மனைவி சிவகாமசுந்தரி பழைய பல் பிரஷ்ஷால் சாயம் தடவிவிடுவாள். ஆஸ்பத்திரியிலும் கோயிலிலும் அது யாருக்கும் தெரியாது என்று நம்பியிருந்தேன். பிலிமுக்குத் தெரிந்துவிட்டது.

"லைட் கோளாறு," என்றேன்.

"ஆமாண்ணே. சாமி தலையில அந்த லைட் படலை போல."

அந்தப் படத்தைப் பைக்குள் அடியில் செருகினேன். கோயில் படத்தை மட்டும் தலைவரிடம் கொண்டுபோனேன்.

பரமசிவம் கடை கல்லாவில் வைத்து அதை விரித்துப் பார்த்தார். முதலில் முகம் மலர்ந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"கோவிந்தசாமி, சாமிக்குக் கண்ணு எங்க?"

பார்த்தேன். முருகனுக்குக் கண் இல்லை. புருவம் இருந்தது, இமைக் கோடு இருந்தது, உள்ளே வெறும் வெள்ளை. வள்ளிக்கும் இல்லை. தெய்வானைக்கும் இல்லை.

"வரைஞ்சவரு கண்ணு திறக்காமலே போயிட்டாரு," என்றார் தலைவர். அவர் குரல் இறங்கிவிட்டது. "இத்தனை வருஷமா கண்ணு திறக்காத சாமியையா கும்பிட்டோம்? நல்ல வேளை நீங்க கண்டுபிடிச்சீங்க. சுரண்ட வேணாம். வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துல சுந்தரம் கண்ணு எழுதிடட்டும்."

பழைய ஓவியத்தின் மூன்று முகத்திலும் எனாமல் பெயிண்டில் ஆறு சினிமாக் கண்கள். ஒருமுறை வைத்துவிட்டால் எடுக்க முடியாது. சுரண்டியிருந்தால் மொத்தமாகப் போயிருக்கும். இப்போது முகம் மட்டும் போகும், அதுவும் என் தயவில்.

"தலைவரே, கொஞ்சம் பஞ்சை வச்சு முகத்துல மட்டும் துடைச்சுப் பார்த்தா..."

"விரல்கூடப் படக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? துடைச்சா படம் போயிட்டா யாரு பொறுப்பு?"

வினை என்றேனே, இதுதான்.

இரண்டு ராத்திரி தூக்கமில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் சிவகாமசுந்தரி சாயக் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தாள். மறுநாள் முகூர்த்தத்துக்கு நான் கருப்பாகப் போக வேண்டுமாம். அவள் பிரஷ்ஷை மீசையில் வைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. மீசை கருப்பு, பிலிமில் வெள்ளை. சாயம் இருக்கிறது, பிலிம் அதைப் பார்ப்பதில்லை. கரிக் கோட்டை மட்டும் பார்க்கிறது. கோடெல்லாம் கரியில் இழுத்தவர், கண்ணை மட்டும் கடைசியில், கண் திறக்கிற நாளில், வேறு ஏதோ சாயத்தில் வைத்திருக்கிறார். இந்த விஷயம் பிலிம் டப்பாவோடு வந்த தாளிலேயே அச்சடித்திருந்தது. விஞ்ஞானியான நான் அதை மடித்து, ஆடுகிற மேஜைக் காலுக்கு அண்டை கொடுத்திருந்தேன்.

பையிலிருந்து படத்தை எடுத்துக் காட்டி அவளிடம் சொன்னேன்.

அவள் படத்தையும் என்னையும் பார்த்தாள். "அப்ப நாளைக்கு இதைக் காட்டப்போறீங்களா?"

"வாயாலயே சொல்லிப் புரியவச்சிடுவேன்."

"ம்," என்றாள். "எதுக்கும் பையில வச்சுக்குங்க."

வெள்ளிக்கிழமை காலை நூர்தீனையும் கூட்டிக்கொண்டு போனேன். ஏணி போட்டாகிவிட்டது. சுந்தரம் மேலே நின்று பெயிண்ட் டின்னைத் திறந்துகொண்டிருந்தார். கீழே ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள். நான் ஒளி, அலை, சாயம் என்று பேச ஆரம்பித்தேன். நன்றாகத்தான் பேசினேன் என்று நினைக்கிறேன். ஐயர் கொட்டாவி விட்டார்.

"நீங்க சொல்றதெல்லாம் சரிலா," என்றார் பரமசிவம். "கண்ணு இருக்குன்னா உங்க கேமராவுக்கு ஏன் தெரியலை? கண் முன்னால இருக்கிற ஒண்ணை கேமரா காட்டாம விடுமா? அப்படி ஒண்ணைக் காட்டுங்க, ஏத்துக்கறேன்."

சுந்தரம் பிரஷ்ஷை டின்னுக்குள் முக்கினார்.

நூர்தீன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். பிரஷ் சொட்டியது. பையில் கை விட்டு அந்தப் படத்தை எடுத்துத் தலைவரிடம் நீட்டினேன்.

"இது யாரு?" என்றார்.

"நான்தான். அதே நாள், அதே பிலிம்."

அவர் படத்தைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"என் தலையில இருக்கிறது சாயம், தலைவரே," என்றேன். மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைப்பு, ஆனால் கடைசி வரிசையில் ஒரு அம்மா, "அட, நம்ம கோவிந்தசாமியா," என்றது கேட்டது. "சாயம் இதுக்குத் தெரியாது. என் மீசை எப்படி இருக்கோ அப்படித்தான் முருகன் கண்ணும் இருக்கு. இருக்கு, ஆனா தெரியலை."

பிறகு சுந்தரம் ஏணியிலிருந்தே எட்டிப் படத்தைப் பார்த்து, "மீசையையும் விட்டு வைக்கலையாண்ணே?" என்றார். கோயிலே சிரித்தது. ஐயருக்குத் தூக்கம் கலைந்தது.

பரமசிவம் மட்டும் சிரிக்கவில்லை. "சுந்தரம், இறங்கு," என்றார்.

அடுத்த வாரம் மியூசியத்தில் வேலை பார்க்கிற ஒருவரைக் கூட்டிவந்தோம். அவர் பஞ்சை நனைத்து முருகனின் இடது கண் ஓரத்தில் ஒற்றி ஒற்றி எடுத்தார். பழுப்பு போய் கருநீலமாக ஒரு விழி வந்தது. நேராக என்னைத்தான் பார்த்தது. பரமசிவம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார். ஏதோ நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"எந்தக் கடையில வாங்குறீங்க?" என்றார். "நான் வாங்குறது ஒரு வாரத்துல செம்பட்டையாயிடுது."

சொன்னேன்.

கும்பாபிஷேகத்துக்குள் அவர் இரண்டு படத்தையும் கண்ணாடி போட்டுச் சுவர் பக்கத்திலேயே மாட்டிவிட்டார். ஒன்று கண்ணில்லாத முருகன், இன்னொன்று நான். ஜனங்களுக்கு விளங்க வேண்டுமாம். வெள்ளிக்கிழமைகளில் முருகனைக் கும்பிட்டுவிட்டு எல்லாரும் என் மீசைக்கு வந்து நிற்கிறார்கள். குழந்தைகளைத் தூக்கிக் காட்டுகிறார்கள். வேண்டுமென்றால் கழற்றிவிடலாம் என்று தலைவர் ஒருமுறை சொன்னார். கழற்றினால் யாராவது மறுபடி பெயிண்ட் டின்னோடு வருவார்கள். இருக்கட்டும் என்றேன்.

சாயம் போடுவதை நிறுத்தவில்லை. மாதம் இரண்டு தடவை, அதே பல் பிரஷ்.

"யாருக்காகங்க இது இன்னும்?" என்று சிவகாமசுந்தரி கேட்கிறாள்.

ஆஸ்பத்திரியில் இன்னும் தெரியாது என்கிறேன். நூர்தீன் அங்கேதான் வேலை பார்க்கிறான் என்பதை அவள் ஞாபகப்படுத்துகிறாள்.