கண்மலர்

கமலாவதி ரீச்சருக்குக் கண்ணில் வருத்தம் என்பது இணுவிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்த ரீச்சர் நான்தான். அந்தக் கதையைக் கட்டிவிட்டதும் நான்தான். இரண்டு வருடமாக மூன்று கிழமைக்கு ஒரு தடவை கொழும்புக்குப் போய்வந்தால் ஊர் காரணம் கேட்காமல் விடுமா? கண்ணுக்கு வைத்தியம் என்று சொல்லிக் கறுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டேன், கேள்வி நின்றுவிட்டது.

உண்மையில் எனக்கு நுரையீரலில் புற்றுநோய். பேத்தி ஆரபிக்குக் கலியாணம் பேசுகிற நேரம், ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்று கனடாவில் இருந்து மகன் கஜீவன் சொன்னான். எனக்கும் அது வசதியாக இருந்தது. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பார்க்க வருபவர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொடுக்க எனக்குப் பொறுமை இல்லை.

ஆவணியில் கடைசி மருந்து ஏற்றினார்கள். கொழும்பு டொக்டர் ஓர் அட்டை தந்தார். ஏற்றிய இமியூனோதெரப்பி நோயை நேரே கொல்லும் மருந்தல்ல, உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அதன்மேல் ஏவிவிடுவது என்றார். ஏற்றுவதை நிறுத்தினாலும் மாதக்கணக்கில் உடம்பில் நிற்குமாம். சிலவேளை நல்ல உறுப்புகளையும் தாக்குமாம். எந்த வைத்தியரிடம் போனாலும் முதலில் அட்டையைக் காட்டச் சொன்னார். தலையாட்டிவிட்டு வந்து, அதை முருகன் படத்துக்குப் பின்னால் செருகினேன். என் கணக்கில் எல்லாம் முடிந்துவிட்டது.

முடிந்த சந்தோஷத்தில் ஐப்பசியில் கந்தசஷ்டி விரதம் பிடித்தேன். ஆறு நாளும் மிளகும் தண்ணீரும்தான். மூன்றாம் நாள் தலை சுற்றியது. ஐந்தாம் நாள் கோயிலில் இருந்த இடத்தைவிட்டு எழும்ப முடியவில்லை. இந்த வயதில் இப்படி ஒரு விரதமா என்று எல்லோரும் மெச்சினார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

பாரணை முடித்து, நாலு நாள் சோறு சாப்பிட்டும் களை போகவில்லை. கிணற்றடிக்குப் போவதற்கே சுவரைப் பிடிக்கவேண்டியிருந்தது. கஜீவனுக்கு அழைத்தேன். வேலையில் நிற்பதாகவும் பிறகு எடுப்பதாகவும் சொன்னான். எடுக்கவில்லை. மறுநாள் காலையில் பிட்டு கொண்டுவந்த பக்கத்து வீட்டு நிரோஜா, குசினியில் விழுந்து கிடந்த என்னைக் கண்டு, ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

அங்கே ஓர் இளம் டொக்டர் பிரஷர் பார்த்தார். மிகக் குறைவு. என்ன மருந்து பாவிக்கிறீர்கள் என்று கேட்டார். நான் வாய் திறக்க முதலே நிரோஜா முந்திக்கொண்டு, கண்ணுக்குத்தான் வைத்தியம், சஷ்டியும் பிடித்தவ என்று ஒப்பித்தாள். அப்படியென்றால் விரதக் களைதான், சேலைன் ஏற்றிவிட்டு வீட்டுக்கு அனுப்பலாம் என்று அவர் எழுதத் தொடங்கினார்.

அட்டை முருகனுக்குப் பின்னால் இருந்தது. இவளுக்கு முன்னால் சொன்னால் பொழுதுபட முன்னம் ஊருக்கே தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் வீட்டுக்குப் போய்த் தனியே கிடந்து சாகவேண்டியதுதான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எது நல்லது என்று உண்மையாகவே யோசித்தேன்.

"டொக்டர், கண் இல்லை. எனக்குக் கான்சர், நெஞ்சிலை. இமியூனோதெரப்பி ஏத்தினது. கடைசியா ஏத்தி ரெண்டரை மாசம்தான்."

பேனா நின்றது. அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. இரத்தம் எடுத்து, ஊசி போட்டு, வார்ட்டில் சேர்த்தார்கள். பின்னேரம் அதே டொக்டர் வந்தார். அந்த மருந்தின் வேலைதானாம். உடம்புக்கு வேண்டிய ஹோர்மோன் சுரப்பதை நிறுத்திவிட்டதாம். வீட்டுக்கு அனுப்பியிருந்தால் தப்பியிருக்கமாட்டீர்கள் என்றார். இன்னும் எவ்வளவு காலம் அது உள்ளே நிற்கும் என்று கேட்டேன். மருந்து சில மாதம், அது ஏவிவிட்ட வேலை வருடக்கணக்காகவும் நிற்கலாம், நோயை அடக்கி வைத்திருப்பதும் அதுதான் என்றார். இந்த இரண்டு வருடமும் என்னை விடாமல் என்னோடு நின்றது அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

நிரோஜா கட்டிலடி வாங்கில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கையோடு எடுத்துவந்த என் கறுப்புக் கண்ணாடியை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தாள். எழும்பிப் போகப்போகிறாள் என்றுதான் எதிர்பார்த்தேன். தலை நிமிராமலே சொன்னாள்.

"போன வருசத் திருவிழாவிலை உங்கடை கண்ணுக்கெண்டு கோயிலுக்கு வெள்ளிக் கண்மலர் வாங்கி நேர்த்தியாக் குடுத்தனான் ரீச்சர். நெஞ்சுக்கெண்டு முருகனிட்டை நான் ஒண்டுமே கேக்கேல்லை."

கொழும்பு பஸ்ஸில் யன்னலோரம் தனியே இருந்து நான் போய்வந்த காலம் முழுக்க, அடுத்த வீட்டில் ஒருத்தி என் கண்ணுக்காக மன்றாடிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அழுதேன். கண்ணில் ஒரு குறையும் இல்லை.