கூரையில் ஒரு கட்டைவிரல்

கிரிதருக்குக் குற்றம் கண்டுபிடிப்பதுதான் உத்தியோகம். கல்கத்தாவின் கிடர்பூர் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்து, இங்கே நெளிசல், அங்கே துரு, இந்த மூலையில் கிழிசல் என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். இருபத்தெட்டு வருஷமாக இதைச் செய்துசெய்து, கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தலில் எந்தக் கால் சாய்ந்திருக்கிறது என்றுதான் மனிதர் முதலில் பார்ப்பார். அவர் மனைவி மதுவந்தி அவரைக் கூட்டிக்கொண்டு புடவைக் கடைக்குப் போவதை எப்போதோ நிறுத்திவிட்டாள்.

அந்தக் கண்ணுக்குத் தோதான பொழுதுபோக்கும் அமைந்துவிட்டது. பெஹாலா வீட்டின் பின்னறையில் அவர் சின்னக் கார்கள் செய்தார். வாங்கிவந்து அலமாரியில் அடுக்கிவைத்துப் பெருமைப்படுகிற ரகம் இல்லை. நிஜக் காரில் இருபத்துநாலில் ஒரு பங்கு அளவுள்ள உலோகப் பொம்மையை வாங்குவார். அடியில் இருக்கும் ரிவெட்டைத் துளைத்து உடம்பைத் தனியாகக் கழற்றுவார். அதைப் பெயிண்ட் ரிமூவர் ஊற்றிய கண்ணாடி ஜாடியில் ஊறப்போட்டு, பழைய பெயிண்டைப் பல்தேய்க்கிற பிரஷ்ஷால் சுரண்டி எடுத்துவிட்டு, வெறும் உலோகத்திலிருந்து மறுபடி தொடங்குவார். 'முதல்ல உரி, அப்புறம்தான் எல்லாம்' என்பது அவருடைய வேதம். ஊரில் இந்தப் பைத்தியம் பிடித்த நாற்பது பேர் சேர்ந்து வாட்ஸப்பில் ஒரு குழு வைத்திருந்தார்கள். பெரும்பாலும் வங்காளிகள். அவர்களுக்கு இவர் கிரிதர்-தா, அதாவது கிரிதர் அண்ணா. கிரிதர்-தா 'பரவாயில்லை' என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால் அன்றைக்கு அந்தக் காரைச் செய்தவர் வீட்டில் ரசகுல்லா வாங்குவார்கள்.

அவருடைய அண்ணா சேஷாத்ரி, பாங்க்கில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பாலிகஞ்சில் சொந்த ஃபிளாட். கிரிதரைவிட எட்டு வயது மூத்தவர். கணக்கு, இங்கிலீஷ், கிரிக்கெட், பாட்டு, எதை எடுத்தாலும் அண்ணா முதலில் போய் நின்றுகொண்டிருப்பார். 'அண்ணாவைப் பார்த்துக் கத்துக்கோ' என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவர் கிரிதர். அண்ணாவிடம் அன்பு இல்லாமல் இல்லை. ஆனால் அண்ணாவுக்குத் தெரியாத ஒன்று தன்னிடம் இருக்கிறதே என்பதில், ஐம்பது வயது தாண்டியும் அவருக்கு ஒரு சின்னப்பிள்ளைச் சந்தோஷம் இருந்தது. அந்த ஒன்று சின்னக் கார்.

அந்த இடத்திலும் அண்ணா கால் வைத்தார்.

இதய ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் மூன்று மாதம் வீட்டோடு இருக்கச் சொல்லியிருந்தார். சும்மா இருக்கத் தெரியாத சேஷாத்ரி, நியூ மார்க்கெட்டிலிருந்து ஒரு அம்பாசிடர் பொம்மையை வரவழைத்து, அதைத் தன்னுடைய பழைய கார் மாதிரி ஆக்கத் தொடங்கிவிட்டார். கருநீல அம்பாசிடர். அதை ஓட்டிக்கொண்டுதான் அவர் பத்தொன்பது வருஷம் ஆபீஸ் போனார். கடைசியில் அது காயலான் கடைக்குப் போன அன்றைக்குச் சாப்பிடவில்லை. தம்பியை ஒரு யோசனை கேட்கவில்லை. முடித்துவிட்டு, ஒரு துண்டில் சுற்றி, டாக்ஸி பிடித்து பெஹாலாவுக்கு எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டு மாடி ஏறி மூச்சு வாங்க நின்றுகொண்டே துண்டைப் பிரித்தார்.

"பாருடா கிரி. உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம நானே பண்ணினேன்."

கிரிதர் வாங்கி விளக்கடியில் பிடித்தார். பெட்டியைச் சுற்றி வருகிற அதே கண். பிரஷ்ஷால் அடித்த பெயிண்ட், கோடு கோடாக நின்றது. பழையதை உரிக்காமல் அதன் மேலேயே பூசியிருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே, கூரையின் நட்டநடுவில், ஈரம் காயும் முன் எடுத்ததில் ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது. ரேகை ரேகையாக, ஆதார் அட்டைக்குக் கொடுத்த மாதிரி.

கிரிதர் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். அண்ணாவிடம் அப்படிச் சிரிக்க ஐம்பது வருஷத்தில் அவருக்கு வாய்ப்பே வந்ததில்லை.

"என்னண்ணா இது? காயறதுக்குள்ள என்ன அவசரம்? கூரையில கைநாட்டு வெச்சிருக்கே! பாங்க்ல லோன் குடுத்த பழக்கமா?"

"தெரியறதா என்ன? நான் கவனிக்கலையே" என்றார் சேஷாத்ரி. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "ஆமா. சரி பண்ணிடலாம்."

"இதெல்லாம் சரி பண்ண முடியாது. உரிச்சுட்டு மொதல்லேர்ந்து பண்ணணும். இரு, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

எடுத்தார். அண்ணா காப்பி குடித்துவிட்டுக் கிளம்பியதும், படத்தில் கட்டைவிரலைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, ஒரு அம்புக்குறியும் வரைந்து, 'பெயிண்ட் காய்வதற்கு முன் தொட்டால் இதுதான் கதி' என்று கீழே எழுதிக் குழுவில் போட்டார். நாற்பது பேரும் சிரித்தார்கள். 'ஈஷ்!' என்றார் ஒருவர். 'போலீஸைக் கூப்பிடுங்கள் தாதா, திருடன் ரேகை விட்டுப் போயிருக்கிறான்' என்றார் இன்னொருவர். யாருடைய கார் என்று அவர் சொல்லவில்லை. அந்த மட்டும் மரியாதை இருந்தது என்று அப்போது நினைத்துக்கொண்டார்.

பதினோரு நாள் கழித்து சேஷாத்ரி தூக்கத்திலேயே போய்விட்டார்.

காரியங்கள் நடந்த நாட்களில் எல்லாம் கிரிதர் காதில் தன்னுடைய சிரிப்பே கேட்டுக்கொண்டிருந்தது. வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். சக்கரம் நேராக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். நிஜமாகவே நேராகத்தான் இருந்தது. ஒரு மனிதர் நெஞ்சில் தையலோடு இரண்டு மாடி ஏறி வந்ததற்கு அதையாவது சொல்லியிருக்கலாம். அப்புறம் பல மாதம் அவர் பின்னறைப் பக்கமே போகவில்லை.

பத்தாவது மாதம், ஷியாமளா மன்னி போன் பண்ணினாள். அண்ணாவின் மனைவி.

"கிரி, ஒரு சின்ன உபகாரம். உங்கண்ணா பண்ணின கார் இருக்கே, வேலைக்காரி தூசி தட்டறச்சே கீழ விழுந்து முன்சக்கரம் ஒண்ணு கழண்டு போயிடுத்து. முதல் வருஷ ஆப்திகத்துக்குள்ள ஒட்டிக் குடுத்தியானா அவர் படத்துக்குப் பக்கத்துல வெச்சுடுவேன்."

"குடுங்கோ மன்னி. நான் பாத்துக்கறேன்."

"சக்கரம் மட்டும்தான்டா. வேற ஒண்ணும் சிரமப்படாதே."

இந்தக் கடைசி வாக்கியத்தை மரியாதைக்குச் சொன்னதாக கிரிதர் எடுத்துக்கொண்டார். சக்கரத்தை ஒட்டுவது ஐந்து நிமிஷ வேலை. அண்ணாவுக்கு ஐந்து நிமிஷம்தானா? தான் சிரித்த சிரிப்புக்குப் பிராயச்சித்தம் கையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. இந்தக் காரைக் கல்கத்தாவில் யாரும் பார்த்திராதபடி செய்து கொடுக்கவேண்டும். அண்ணா மனத்தில் எப்படி இருந்ததோ அப்படி. ஆப்திகத்துக்கு இன்னும் ஆறு ஞாயிற்றுக்கிழமை இருந்தது.

முதல் ஞாயிறு உரித்தார். ஜாடியில் அம்பாசிடரின் உடம்பை இறக்கும்போது கட்டைவிரல் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு விநாடி கை நின்றது. அதைப் பார்க்கப் பார்க்கத் தன்னுடைய சிரிப்புதான் அவருக்குக் கண்ணில் பட்டது. அது ஒழிந்தால் போதும் என்று இருந்தது. முழுசாக முக்கிவிட்டு மூடியைத் திருகினார். கால் மணி நேரத்தில் கருநீலம் சுருங்கி, தோல் மாதிரி எழும்பி, துண்டு துண்டாக அடியில் போய் உட்கார்ந்தது.

மற்ற ஐந்து ஞாயிறும் அவர் உழைத்த உழைப்பை மதுவந்தி கூட வாய்திறக்காமல் பார்த்தாள். உப்புத்தாளால் தேய்த்து, ப்ரைமர் அடித்து, மறுபடி தேய்த்தார். பழைய ஆல்பத்தைத் தேடி எடுத்து, அண்ணாவின் காருக்கு அருகில் எல்லோரும் நிற்கிற படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, அந்த நீலத்தை மூன்று தரம் கலந்து சரிபார்த்தார். ஏர்பிரஷ்ஷில் ஏழு பூச்சு. ஒரு தூசி விழுந்தால் அழித்துவிட்டு மறுபடி. நம்பர் பலகையை லென்ஸ் வைத்துக்கொண்டு எழுதினார். பின் கண்ணாடியில் அண்ணா ஒட்டியிருந்த காளி கோயில் ஸ்டிக்கரைக்கூட விடவில்லை. முடிந்தபோது காரின் கூரையில் டியூப்லைட் நெளியாமல் நேர்கோடாகத் தெரிந்தது. 'இப்போ சிரி பாக்கலாம்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது.

ஆப்திகத்துக்கு நான்கு நாள் முன்பு, சாயங்காலம் பாலிகஞ்சுக்கு எடுத்துக்கொண்டு போனார். அண்ணா கொண்டுவந்த அதே துண்டில் சுற்றியிருந்தார். மன்னி காப்பியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"அடேயப்பா! புதுசாட்டம் இருக்கே. அப்படியே நம்ம வண்டி."

"நம்பரைப் பாருங்கோ மன்னி. ஸ்டிக்கரைப் பாத்தேளா?"

"பாத்தேன், பாத்தேன். எவ்வளவு சிரமப்பட்டிருக்கே!"

சொல்லிக்கொண்டே அவள் காரை இடது கையில் ஏந்தி, வலது கைக் கட்டைவிரலைக் கூரைமேல் வைத்தாள். பார்க்காமலே வைத்தாள். பழகின கை. விரல் வழுக்கியது. கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தாள். பிறகு பின்னால். அப்புறம் காரைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"இங்க அவரோட விரல் இருந்துதே, கிரி."

"அது... பெயிண்டை உரிச்சாத்தான் மன்னி..."

"ஓ. உரிச்சுட்டியா."

அவள் கோபப்பட்டிருந்தால் தேவலை. காரை மடியில் வைத்துக்கொண்டு சக்கரத்தை விரலால் சுற்றிவிட்டாள்.

"உன் வீட்டுக்கு வந்துட்டுத் திரும்பின அன்னிக்கே சரி பண்ணணும்னு உக்காந்தார். நான்தான் விடலை. உங்க கை பட்டது பட்டதாவே இருக்கட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்னேன். அப்புறம் பாரு, அவர் போனப்புறம் கார்த்தால எழுந்ததும் அதுல என் விரலை வெச்சுப்பேன். சரியாப் பொருந்தும். தினமும்." சக்கரம் சுற்றி நின்றது. "உனக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லியிருக்கணும். சக்கரம் நன்னா ஓடறது."

சக்கரம் மட்டும் என்று அவள் சொன்னாளே, சொன்னாளே என்று கிரிதருக்குள்ளே ஒன்று அடித்துக்கொண்டது.

"அன்னிக்கு நீ போட்டோ எடுத்துண்டியாமே" என்றாள் மன்னி திடீரென்று. "வந்து சொன்னார். கிரி சிரிச்சான்டி, ஆனா போட்டோ எடுத்துண்டான், அவனுக்குப் பிடிக்காட்டா எடுப்பானான்னார். ராத்திரி சாப்பிடறச்சே மறுபடியும் சொன்னார். அது உங்கிட்ட இருக்கா? இருந்தா அனுப்பேன்."

"பாக்கறேன் மன்னி" என்றுதான் சொல்ல முடிந்தது.

பெஹாலா பஸ் தாராதலா நெரிசலில் நின்றபோது போனை எடுத்தார். துர்கா பூஜை சமயத்தில் போன் மாற்றியதில் பழைய படங்கள் போய்விட்டன. மிச்சம் இருந்தது குழுவில் போட்டது ஒன்றுதான். விரலால் தள்ளித் தள்ளி ஒரு வருஷம் பின்னால் போனார். இருந்தது. படம் அற்புதமாக விழுந்திருந்தது. ஒவ்வொரு ரேகையும் எண்ணலாம், ஓரத்தில் சின்ன வெட்டுத் தழும்புகூடத் தெரிந்தது. அதைச் சுற்றி அவர் போட்ட சிவப்பு வட்டம். அதைக் குத்துகிற அம்புக்குறி. அதன் கீழே நாற்பது பேர் சிரிப்பு. அண்ணாவின் கை உலகத்தில் மிஞ்சியிருப்பது இந்த இடத்தில்தான் என்று நினைத்தபோது, பஸ் என்றுகூடப் பார்க்காமல் அழுதுவிட்டார். பக்கத்தில் இருந்த பெரியவர் 'என்ன தாதா, உடம்பு சரியில்லையா?' என்று வங்காளியில் கேட்டார்.

வட்டத்தை அழித்துப் பார்த்தார். அழித்தால் ரேகையும் சேர்ந்து கலங்கியது. வெட்டினால் விரல் பாதியாகிறது. சின்ன விஷயத்தில்கூட ஒரு பிசிறு விடாத கைக்கு இது மட்டும் முடியவில்லை. கடைசியில் கீழே எழுதியிருந்த வரியை மட்டும் எடுத்துவிட்டு, படத்தை வட்டத்தோடும் அம்போடும் மன்னிக்கு அனுப்பினார். ஏன் வட்டம் என்று கேட்பாள். கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து, போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

பதில் வந்தது. 'ஞாபகமா வட்டம் போட்டு வெச்சிருக்கியே கிரி. அவர் பாத்திருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்.'

சொல்லவேண்டியதை மூன்று தரம் எழுதினார். மூன்று தரமும் அழித்தார்.

ஆப்திகத்தன்று பாலிகஞ்சில் நல்ல கூட்டம். ஹாலில் சேஷாத்ரியின் படத்துக்கு ஒரு பக்கம் பளபளவென்று கருநீல அம்பாசிடர். இன்னொரு பக்கம், கெட்டியான சட்டம் போட்டு, அந்தப் போட்டோ. பெரிதாக்கியதில் வட்டம் இன்னும் சிவப்பாக இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் காரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, போட்டோவுக்கு முன்னால்தான் நின்றார்கள். என்ன இது, யார் வரைந்தது என்று கேட்டார்கள்.

"அவரோட விரல்" என்றாள் மன்னி ஒவ்வொருவரிடமும். "கிரி போட்டது. தம்பி இல்லையா? அவனுக்குத்தான் கண்ணுல பட்டிருக்கு."

கிரிதர் பந்தி விசாரிக்கப் போய்விட்டார்.